போபோ ஏரி: நீரே நிலமாக இருந்தவர்களின் நிலமிழப்பு

2015 டிசம்பரில் பொலிவியாவின் ஒருரோ மாநில நிர்வாகம் போபோ ஏரிப் பகுதியைப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி அது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்து கிடந்த நீர்ப்பரப்பு. சென்னை மாநகராட்சியின் பரப்பைப்போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த டிசம்பரில் அங்கே எஞ்சியிருந்தவை வெடித்த களிமண், உப்புப் படலம், செத்த பறவைகளின் எலும்புகள், கரைதட்டிக் கவிழ்ந்து கிடந்த படகுகள். உலகச் செய்தி நிறுவனங்கள் விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு படங்களை அருகருகே வெளியிட்டன: ஒன்றில் நீலம், மற்றதில் வெண்பழுப்பு. காலநிலை மாற்றம் ஓர் ஏரியை விழுங்கிவிட்டது என்ற தலைப்புகள் சில வாரங்கள் ஓடின. பிறகு அடங்கிவிட்டன.

அந்த இரண்டு படங்களிலும் தெரியாத ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. ஏரியின் கரையில் உரு என்னும் சிறிய மக்கள்கூட்டம் வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. சுற்றிலும் இருந்த அய்மாரா, கெச்சுவா உழவர்களுக்கு நிலம் இருந்தது, ஆடும் லாமாவும் இருந்தன. உருக்களுக்கு ஏரி மட்டுமே இருந்தது. ஏரி வற்றியபோது முன்னவர்களுக்கு வருமானம் குறைந்தது. பின்னவர்களுக்கு நாடே இல்லாமல் போனது. ஒரே வறட்சி இரு சமூகங்களை இவ்வளவு வேறுபட்ட விதத்தில் தாக்கியதற்கு வானிலை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

தாம்பாளமும் குடமும்

முதலில் ஏரி எப்படி வற்றியது என்பதைப் பார்ப்போம். ஆண்டிஸ் மலைத்தொடரின் இரு கிளைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஆல்ட்டிப்பிளானோ என்னும் பரந்த மேட்டுநிலம் இருக்கிறது. அதன் வடக்கில் பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் டிட்டிகாக்கா ஏரி. அங்கிருந்து வழியும் நீர் தெசாகுவாதேரோ ஆறாகத் தெற்கு நோக்கி வந்து, ஏறத்தாழ 3,686 மீட்டர் உயரத்தில் உள்ள போபோவில் சேர்கிறது. போபோவுக்கு வரும் ஆற்றுநீரில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றின் வழியாக வருவது. போபோவிலிருந்து கடலுக்கு வழி கிடையாது. அதற்கும் தெற்கே உயுனி உப்புப் பாலைவனம். பண்டைக்காலத்தில் இவ்விரண்டையும் மூடிக் கிடந்த பேரேரியின் எச்சங்களே இவை.

கடலுக்கு வழியில்லாத ஏரியின் கணக்கு எளியது. ஆறும் மழையும் கொண்டுவந்து சேர்ப்பது வரவு. வெயிலும் காற்றும் எடுத்துச்செல்வது செலவு. உப்பு மட்டும் வெளியேறாமல் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். வரவு குறைந்தாலோ செலவு கூடினாலோ ஏரி தானாகவே சுருங்கி, பரப்பைக் குறைத்து, ஆவியாதலையும் குறைத்துக்கொண்டு ஒரு புதிய சமநிலையைத் தேடும். ஆழமான ஏரிக்கு அதற்கான அவகாசம் இருக்கும். போபோவுக்கு அந்த அவகாசம் இல்லை; அது நிறைந்திருந்த காலத்திலேயே பெரும்பாலான இடங்களில் மூன்று மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. ஒரே அளவு தண்ணீரைக் குடத்தில் ஒரு பாதியும் தாம்பாளத்தில் ஒரு பாதியுமாக ஊற்றி வெயிலில் வைத்தால் எது முதலில் காயும் என்பது யாருக்கும் தெரியும். டிட்டிகாக்கா இருநூற்றைம்பது மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட குடம், போபோ தாம்பாளம். தாம்பாளத்தில் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் கரை கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிட்டிகாக்காவில் சேரும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. விளிம்பைத் தாண்டி வழியும் சிறு மிச்சமே தெசாகுவாதேரோவுக்கு வருகிறது. ஆகவே டிட்டிகாக்காவின் மட்டம் விளிம்புக்குக் கீழே சற்று இறங்கினாலும், அங்குள்ள மீனவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. கீழே போபோவுக்கு வரும் நீரோ ஏறத்தாழ நின்றேபோகும். தலைமடையில் ஓர் அங்குலக் குறைவு கடைமடையில் முழுப் பஞ்சம். பாசனம் அறிந்த எந்த ஊரிலும் இதை விளக்க வேண்டியதில்லை. போபோ ஒரு கடைமடை ஏரி.

இதன் மேல்தான் காலநிலை மாற்றம் வந்து விழுகிறது. அது மூன்று வழிகளில் செயல்படுகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதாவது காற்றின் தாகம் கூடுகிறது. ஆண்டுக்கு நானூறு மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்து, அதைப்போல் பல மடங்கு ஆவியாகக்கூடிய இடத்தில், தாகம் சற்றே கூடினாலும் ஏரியின் கணக்கு தடுமாறிவிடும். இரண்டாவது, மழையின் காலம். ஆல்ட்டிப்பிளானோவின் மழை டிசம்பர் முதல் மார்ச் வரையிலான சில மாதங்களில் பெய்து முடிவது. எல் நினோ ஆண்டுகளில் இந்த மழை பெரும்பாலும் பொய்க்கும். 2015-16இல் வந்தது பதிவான மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. மூன்றாவது, பனியாறுகள். லா பாஸ் நகருக்கு மேலே இருந்த சக்கால்ட்டாயா பனியாறு, ஒருகாலத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போனது, 2009இல் முற்றிலும் மறைந்தது. பனியாறு உருகும் காலத்தில் ஆறுகளில் தற்காலிகமாக நீர் கூடும். அது தீர்ந்தபின் வறண்ட மாதங்களுக்கான சேமிப்பு இல்லை. 2016 நவம்பரில் லா பாஸ் நகரமே குடிநீருக்குத் தவித்து, நாடு முழுவதற்கும் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது.

ஏரிகள் சுருங்குவது பொலிவியாவோடு நிற்கும் சங்கதி அல்ல. 1992 முதல் 2020 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு உலகின் 1,972 பெரிய ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் ஆராய்ந்து, 2023இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு, அவற்றுள் 53 விழுக்காடு குறிப்பிடத்தக்க அளவு நீரை இழந்துள்ளதாகக் கண்டது. இயற்கை ஏரிகளின் இழப்புக்குப் பெரும் காரணங்களாக அது சுட்டியவை வெப்ப உயர்வும் மனிதரின் நீர்ப்பயன்பாடும். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படி வற்றிவரும் ஏரி ஒன்றின் வடிநிலத்தில் வாழ்கிறார்.

வானத்தின் மேல் பழியைப் போடுதல்

ஆயினும், ஏரி வற்றினால் உடனே காலநிலை மாற்றம் என்று சொல்லி நகர்ந்துவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏரல் கடலைக் கொன்றது முதன்மையாக வெயில் அல்ல. சோவியத் ஆட்சி பருத்திக்காக இரு ஆறுகளைத் திருப்பியது. கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரி, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு நீர் கொண்டுபோக 1913இல் கால்வாய் திறக்கப்பட்டதால் 1926க்குள் வற்றிப்போனது. அந்தப் புழுதியைப் பல தலைமுறைகளாகச் சுவாசித்தவர்களுள் முன்னிற்பவர்கள் அவ்விடத்துத் தொல்குடிகளான பையூட் மக்கள். சாட் ஏரியின் கதை நேர்மாறானது. 1960களில் இருந்த பரப்பில் பத்தில் ஒரு பங்காக அது 1980களின் நடுவில் சுருங்கியது உண்மை. பிறகு ஓரளவு மீண்டுவிட்டது. ஆனால் அது இன்னும் மறைந்துகொண்டிருக்கிறது என்ற பழைய வாசகமே மேடைகளில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ஒரு புள்ளிவிவரம் வசதியாக அமைந்துவிட்டால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

போபோவில் மனிதக் கைவேலையின் பங்கு என்ன? தெசாகுவாதேரோவின் வழிநெடுகப் பாசனத்துக்கு நீர் எடுக்கப்படுகிறது. பயிர்ப்பரப்பின் விரிவும் அதன் நீர்த்தேவையும் போபோவின் அண்மை வறட்சியில் பங்கு வகித்தன என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தோர் சுட்டியுள்ளனர். டிட்டிகாக்காவின் வாயிலில் மதகுகள் உள்ளன. அவற்றை நிர்வகிக்க 1996இல் இரு நாடுகளும் சேர்ந்து ஓர் ஆணையத்தை அமைத்தன. மேல் ஏரியின் வெள்ளமும் வறட்சியும் இரு அரசுகளின் கவலை. கீழ் ஏரிக்கு எவ்வளவு நீர் போய்ச் சேரவேண்டும் என்று கேட்பதற்குத் தலைநகரில் ஆளில்லை.

பிறகு சுரங்கங்கள். ஒருரோ நகரம் 1606இல் வெள்ளிக்காகவே நிறுவப்பட்டது. வெள்ளி ஓய்ந்தபின் வெள்ளீயம் வந்தது. நானூறு ஆண்டுக் கழிவு மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி, ஆற்றுப்படுகைகளை மேடாக்கி, ஏரிக்குள் வண்டலாகப் படிந்தது. ஏற்கெனவே ஆழமற்ற தாம்பாளம் மேலும் தட்டையானது. அந்த வண்டலில் காட்மியமும் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தன. இது ஆர்வலர்களின் குற்றச்சாட்டு மட்டுமன்று. கீழ்ப்பகுதிச் சமூகங்கள் நெடுநாள் போராடியதன் விளைவாக, பொலிவிய அரசே 2009 அக்டோபரில் ஓர் ஆணையின் மூலம் ஹுவானுனி ஆற்றுப் பகுதியைச் சுற்றுச்சூழல் அவசரநிலைப் பகுதியாக அறிவித்தது. ஆணை வந்தது, கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஒரு குழாய் உடைந்து தெசாகுவாதேரோவில் கச்சா எண்ணெய் கலந்ததும் இதே ஆற்றின் வரலாற்றில் ஒரு பக்கம். 2002இல் போபோவும் அதன் அண்டை ஏரியான உரு உருவும் ராம்சர் பட்டியலில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலமாகச் சேர்க்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் பாதுகாப்பு குறைவில்லை.

2014 நவம்பரில், ஏரி முற்றிலும் வற்றுவதற்கு ஓராண்டு முன்பே, மீன்கள் இலட்சக்கணக்கில் செத்து மிதந்தன. குறைந்த நீர் எளிதில் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். காற்றடித்தால் அடிமட்ட நஞ்சு கலங்கி மேலே வரும். உருக்களுக்கு அதுவே முடிவின் தொடக்கம்.

ஏரி ஏற்கெனவே 1940களிலும் 1990களிலும் வற்றியிருக்கிறது; இது இயற்கையின் சுழற்சி, மீண்டும் நிறையும் என்றார் அப்போதைய குடியரசுத் தலைவர் ஏவோ மொராலஸ். அதில் பாதி உண்மை. 1986இல் டிட்டிகாக்காவே பெருவெள்ளமாகப் பொங்கியது, அடுத்த பத்தாண்டுக்குள் போபோ வறண்டது, பிறகு மீண்டது. ஏறி இறங்குவது அதன் இயல்பு. சொல்லப்படாத மறுபாதி: முன்பு வறண்டபோது மீள்வதற்கான நீர் மேலே இருந்தது, வெப்பம் குறைவாக இருந்தது, படுகை இவ்வளவு மேடாகியிருக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர் இயற்கைச் சுழற்சி என்கிறார். எதிர்ப்பவர் நிர்வாகக் கேடு என்கிறார். தொலைவில் இருப்பவர் புவி வெப்பமாதல் என்கிறார். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும். கடைமடையில் நிற்பவருக்கு மூன்றும் சேர்ந்தே வந்து சேர்கின்றன.

மனிதரல்லர் எனப்பட்டவர்கள்

உருக்கள் தங்களைக் கோட்சுஞி என்பர். ஏரியின் மக்கள் என்று பொருள். ஆல்ட்டிப்பிளானோவின் மிகப் பழைய குடிகளுள் ஒன்றாக இவர்கள் கருதப்படுகின்றனர். டிட்டிகாக்கா முதல் போபோ வரையிலான நீர்வழி நெடுக மீன்பிடித்தும், நீர்ப்பறவைகளை வேட்டையாடியும், முட்டை சேகரித்தும், டோட்டோரா என்னும் கோரையால் படகும் கூரையும் முடைந்தும் வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நீர்வழிப் பகுதியின் தொல்குடி மக்களில் இவர்கள் ஏறத்தாழக் கால் பங்கினர் என்று, ஸ்பானிய வரிப் பட்டியல்களை ஆராய்ந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் நாதன் வாஷ்டெல் கணக்கிட்டார். இன்று போபோவின் கரையில் யாப்பயாப்பானி, விலாஞெக்கே, புஞாக்கா என்னும் மூன்று ஊர்களில் சில நூறு பேர்.

அந்தக் கால் பங்கினர் எங்கே போயினர்? பெரும்பாலோர் சாகவில்லை, அய்மாராக்களாக மாறினர். உரு என்ற பெயரில் தலைநிமிர்ந்து வாழ இயலாதபோது மொழியையும் பெயரையும் விட்டு, நிலமுள்ளவர்களோடு கலப்பதே வழியாயிற்று. ஸ்பானியர் வருமுன்பே இவர்கள் அய்மாரா தலைவர்களுக்குக் கீழ்ப்பட்டுப் பணிசெய்தவர்கள். ஸ்பானியர் இவர்களைக் குறைந்த திறனுடையோர் என்று வகைப்படுத்திக் குறைந்த வரி விதித்தனர். வரிச்சலுகைபோல் தோன்றும் இது உண்மையில் ஓர் இழிவின் முத்திரை. ஹொசே தே அக்கோஸ்தா என்ற இயேசுசபைப் பாதிரியார் 1590இல் வெளியிட்ட நூலில், நீங்கள் யார் என்று கேட்டதற்குத் தாங்கள் மனிதரல்லர், உருக்கள் என்று இம்மக்கள் விடையளித்ததாக எழுதிவைத்தார். அந்த விடை உண்மையில் கூறப்பட்டதா, கூறப்பட்டிருந்தால் எந்தத் தொனியில் கூறப்பட்டது என்பதை அந்த ஏடு சொல்லாது. நீங்கள் மனிதர் என்று சொல்லிக்கொள்ளும் வகையினர் நாங்கள் அல்லர் என்ற எள்ளலாகவும் அது இருந்திருக்கலாம். எழுதுகோல் யார் கையில் இருந்ததோ அவர் விளக்கமே நின்றது. சோம்பேறிகள், அழுக்கர்கள், பழங்குப்பையின் மிச்சம் என்ற வசைகள் அண்டை ஊர்களில் தலைமுறைகளைக் கடந்தும் நீடித்தன.

இதைச் சாதி என்று அழைப்பது துல்லியமாகாது. பிறப்பின் அடிப்படையில் சடங்குத் தீட்டை நிறுவி அதை மதநூல்களால் காவல்செய்யும் அமைப்பு ஆண்டிஸில் இல்லை. உரு அய்மாராவாக மாற முடிந்தது என்பதே பெரிய வேறுபாடு. இங்கே ஊரை விட்டாலும் மதத்தை விட்டாலும் சாதி பின்தொடரும். ஆயினும் இழிவுபடுத்தப்பட்ட பெயர், நிலமின்மை, பிறர் தொடத் தயங்கும் தொழிலோடு பிணைக்கப்பட்ட வாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் விதத்தை நம் வாசகர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

நிலமின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. 1952 புரட்சிக்குப் பின் 1953இல் பொலிவியா நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. உழுபவருக்கே நிலம் என்பது முழக்கம். பண்ணையடிமைகளாக இருந்த இலட்சக்கணக்கான அய்மாரா, கெச்சுவா உழவர்களுக்கு அது விடுதலை. அதன் பெருமையைக் குறைப்பதற்கில்லை. ஆனால் உருக்கள் உழுபவர்கள் அல்லர். அவர்கள் வயல் தண்ணீரில் இருந்தது. தண்ணீருக்குப் பட்டா இல்லை. கரையோர நிலங்கள் அண்டைச் சமூகங்களின் பெயரில் பதிவாகிக்கொண்டே வந்தன. உருக்களின் ஊர்கள் சிறு துண்டுகளாய் நெருக்கப்பட்டன. ஏரி நிறைந்திருந்தவரை இந்த அநீதி கண்ணுக்குத் தெரியவில்லை. ஏரி வற்றியபோது அடியில் இருந்த கல் வெளித் தெரிவதுபோல் வெளித் தெரிந்தது.

உருக்களின் உறவினரான சிப்பாயா மக்களிடையே ஒரு தொன்மம் வழங்குகிறது. சூரியன் தோன்றுவதற்கு முன் நிலவொளியில் வாழ்ந்த மக்கள் இருந்தனர். சூரியன் முதன்முறை எழுந்தபோது வெப்பம் தாளாமல் அவர்கள் எரிந்துபோயினர். நீருக்குள் புகுந்திருந்தோர் மட்டும் தப்பினர். அவர்கள் வழிவந்தோரே நாம் என்பது அக்கதை.

அருங்காட்சியகமும் சட்டங்களும்

பொலிவியா காலநிலை நீதியைப் பற்றி வாய்மூடி இருந்த நாடு அன்று. உரக்கப் பேசிய நாடு. 2009 அரசியலமைப்பு அதைப் பன்மைத் தேசிய இன அரசாக அறிவித்து, ஸ்பானிய மொழியுடன் 36 தொல்குடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. உரு-சிப்பாயா அவற்றுள் ஒன்று. 2010 ஏப்ரலில் கோச்சபாம்பாவில் காலநிலை மாற்றம் பற்றிய உலக மக்கள் மாநாட்டை நடத்தியது. அதே ஆண்டு ஜூலையில், தூய குடிநீர் மனித உரிமை என்ற தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் முன்வைத்து நிறைவேற்றியதும் பொலிவியாவே. டிசம்பரில் தாய்பூமியின் உரிமைச் சட்டம் வந்தது. இவை வெறும் நாடகம் என்று தள்ளிவிட இயலாது. தொல்குடியினர் ஒருவர் நாட்டின் தலைமைக்கு வந்ததும் சிறிய சாதனையன்று.

அந்தத் தலைவர் பிறந்த ஊர் ஒரினோக்கா. அதுவும் ஒருரோ மாநிலத்தில், போபோவின் மேற்குப் புறத்தில்தான் இருக்கிறது. 2017இல் அங்கே ஜனநாயக, பண்பாட்டுப் புரட்சி அருங்காட்சியகம் என்ற பெயரில் பல மில்லியன் டாலர் செலவில் மாபெரும் கட்டடம் திறக்கப்பட்டது. ஏரி வற்றி அப்போது ஒன்றரை ஆண்டுகூட முழுமையாக நிறையவில்லை. தொல்குடி என்ற ஒரே சொல்லுக்குள் பெரிய குடி, சிறிய குடி, நிலமுள்ள குடி, நிலமற்ற குடி எல்லாம் அடங்கிவிடுகின்றன. அந்தச் சொல் ஆட்சிக்கு வரும்போது அதனுள் இருக்கும் படிநிலையும் சேர்ந்தே ஆட்சிக்கு வருகிறது. பிற்படுத்தப்பட்டோர் ஆட்சி, தமிழர் ஆட்சி என்ற முழக்கங்களுக்குள் தலித்துகள் எங்கே நின்றார்கள் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது விளங்கும். பொலிவிய அரசின் குறை தாய்பூமியைப் பற்றிப் பேசியதில் இல்லை. கனிம ஏற்றுமதியை நம்பி நிற்கும் பொருளாதாரத்தைத் தொடாமல் பேசியதில் இருக்கிறது.

ஏரி போனபின் உருக்கள் என்ன செய்தார்கள்? இளைஞர்கள் உயுனி விளிம்பில் உள்ள கோல்ச்சானியின் உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நகரங்களின் கட்டட வேலைக்கும் போயினர். எஞ்சியோர் அண்டை ஊர்களில் மேய்ச்சல்காரர்களாகவும் வயற்கூலிகளாகவும் ஆயினர். பெண்கள் வைக்கோலால் தொப்பியும் கூடையும் படகுப் பொம்மையும் முடைந்து விற்கின்றனர். மீன்பிடிக் கூட்டம் ஒன்றின் அறிவு முழுவதும், அதாவது எந்தக் காற்றில் எந்த மீன் எங்கே ஒதுங்கும், எந்தப் பறவை எந்த மாதம் முட்டையிடும், நாரையின் கொழுப்பு எந்த நோய்க்கு மருந்து என்பதெல்லாம், பயன்படுத்த இடமில்லாமல் முதியவர்களின் நினைவில் தங்கிவிட்டது. போபோ உருக்களின் தாய்மொழி ஏற்கெனவே பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. உறவுமொழியான சிப்பாயா மட்டும் வேறோர் இடத்தில் உயிரோடு இருக்கிறது. பின்வந்த மழைக்காலங்களில் ஏரிப் படுகையில் மெல்லிய நீர்ப்படலம் திரும்பியது; சில மாதங்களில் அதுவும் காய்ந்தது. செந்நாரைகள் வந்து போகின்றன. மீன்வளம் மீள நிலைத்த நீர் வேண்டும்.

யார் இழந்தவர் என்ற கணக்கு

2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில், இழப்பு மற்றும் சேத நிதி ஒன்றை உருவாக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. முப்பதாண்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி அது. அந்தப் பணம் வந்து சேரும் என்றே வைத்துக்கொள்வோம். அது யாரை நோக்கிப் போகும்? இழப்பைக் கணக்கிட எந்த அரசும் முதலில் கேட்பது ஆவணம். எத்தனை ஏக்கர் பயிர் கருகியது, எத்தனை கால்நடை இறந்தது என்பவை படிவத்தில் உண்டு. பொதுநீரில் வலைவீசும் உரிமை, கோரை அறுக்கும் உரிமை, முட்டை எடுக்கும் வழக்கம் ஆகியவற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இது நமக்கு அயலான செய்தி அன்று. தமிழ்நாட்டில் பயிர் வறட்சி நிவாரணம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிலத்தைக் கணக்கிட்டே வழங்கப்படுகிறது. அதே வயலில் நாற்று நட்டுக் களையெடுக்கும் நிலமற்ற தலித் பெண்ணுக்கு வேலை போனதும் இழப்பே என்றாலும், அந்தக் கணக்கில் அவர் இல்லை. தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று அளந்து பாய்ச்சிய நீர்க்கட்டிகளுள் பலர் தலித்துகள். தண்ணீரின் அளவை ஊரில் மிக நன்றாக அறிந்தவர் அவரே. ஆயினும் 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டத்தின்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராவதற்கு அடிப்படை ஆயக்கட்டு நிலம். 1927இல் மகாடு சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீரை அள்ளியபோது குளத்தில் தண்ணீர் இருந்தது; தொடும் உரிமைதான் மறுக்கப்பட்டது. இனிவரும் பத்தாண்டுகளில் இரண்டு கேள்விகளும் சேர்ந்தே எழும்: எஞ்சியிருக்கும் நீர் யாருக்கு, போய்விட்ட நீருக்கு ஈடு யாருக்கு.

காலநிலைத் தீர்வுகள் என்று முன்வைக்கப்படுவனவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. உயுனியின் உப்புக்கு அடியில் உலகின் மிகப் பெரிய லித்தியம் வளங்களில் ஒன்று கிடக்கிறது. மின்வாகனங்களின் மின்கலங்களுக்கு அது வேண்டும். உப்புநீரிலிருந்து லித்தியம் பிரித்தெடுப்பது நீரைக் கோரும் தொழில். நீர் ஏற்கெனவே இல்லாத நிலம் அது. எண்ணெயை எரித்து வெப்பத்தைக் கூட்டியவர்கள் வேறெங்கோ இருந்தனர். எண்ணெயை நிறுத்துவதற்கான விலையும் அதே கடைமடையில் கேட்கப்படுகிறது.

2023இல் டிட்டிகாக்காவின் மட்டமும் மிகவும் தாழ்ந்தது. சுற்றுலாப் படகுகள் கரைதட்டின. அதன் கோரைத் தீவுகளில் வாழும் பெரு நாட்டு உருக்களும் அண்டையிலுள்ள மீனவரும் வானத்தைப் பார்த்தனர். அவ்வாண்டு விளிம்பைத் தாண்டித் தெற்கே வழிந்த நீர் எவ்வளவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போபோ கரையின் மூன்று ஊர்களும் அரசிடம் இப்போது கேட்பது ஏரியை மட்டும் அன்று. பயிரிடவும் கால்நடை வளர்க்கவும் நிலம் கேட்கின்றன. நிலத்தில் வாழக் கற்றுக்கொள்கிறோம், நிலத்தைக் கொடுங்கள் என்பது கோரிக்கை. சுற்றிலும் உள்ள நிலமெல்லாம் ஏற்கெனவே அண்டைச் சமூகங்களின் பெயரில் இருக்கிறது.